மாறும் வானிலைக்குக் குறைந்த செலவில் பைக் உடை: லைனர் ஜாக்கெட்டா, மெஷ்ஷும் மழையுடையுமா, லாமினேட்டா?

காலையில் பல் கிட்டும் குளிர், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், நான்கு மணிக்கு மழை. ஒரே பயணத்தில் மூன்றிலும் மாட்டிக்கொள்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கையில் இருக்கும் பணம் ஒரு ஜாக்கெட்டுக்குத்தான் கட்டும். எதை வாங்குவது?”

கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும். கழற்றி மாட்டும் இரண்டு லைனர்கள், அதாவது உள்ளடுக்குகள்: மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. எல்லாக் காலத்துக்கும் ஒரே ஜாக்கெட். கேட்கவே நிறைவாக இருக்கும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். மூன்றாவது வாரம் ஒரு பாலத்தடியில் நின்றுகொண்டு, ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பி, மழை லைனரின் ஜிப் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். விரல்கள் விறைத்திருந்தன. மணிக்கட்டுப் பக்கம் பொத்தான் வைத்த சின்ன வளையம் ஒன்று. அதைக் கோக்காவிட்டால் கையை நுழைக்கும்போது லைனர் சுருண்டுகொள்ளும். எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் சாரலில் உள்பக்கமே நனைந்துவிட்டது. போட்டுக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் போனேன், மழை நின்றுவிட்டது. மறுபடி வெயில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் குறைவாக இருந்தால் விழுந்தால் காக்கும் உடையையும் மழையைத் தடுக்கும் உடையையும் தனித்தனியாக வாங்குங்கள். மழை வந்த பிறகு மழையுடையைப் போட்டுக்கொள்ள முடியும். கீழே விழுந்த பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள முடியாது. இதற்கு விலக்கான சூழல்களும் உண்டு.

## எதை வைத்து அளப்பது

விழுந்தால் தாங்குமா. பல நாடுகளில் விற்கும் பைக் உடைகளின் உள் லேபிளில் ஐரோப்பியத் தர எண் ஒன்று இருக்கும்: ஈஎன் 17092. 2020-இல் வந்த இந்தத் தரம் உடைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏஏஏ மிக உறுதியானது, அடுத்து ஏஏ, பிறகு ஏ. பி வகுப்பு உராய்வைத் தாங்கும், ஆனால் மோதலைத் தாங்கும் பேட்கள் அதில் இருக்க வேண்டியதில்லை. சி வகுப்பு நேர்மாறானது: பேட்களைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போன்றது, உராய்வுக்கு அதை நம்பக்கூடாது. லேபிளில் எண்ணே இல்லாமல் “பைக்கர் ஸ்டைல்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் சட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்களுக்குத் தனி எண் உண்டு. தோள், முழங்கை, முழங்காலுக்கு ஈஎன் 1621-1. சோதனையில் அடியின் விசையைச் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் அடக்கினால் முதல் நிலை, 20-க்குள் அடக்கினால் இரண்டாம் நிலை. முதுகுக்கு ஈஎன் 1621-2. அங்கே வரம்புகள் 18, 9. விலை குறைந்த பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையைத் திறந்து பார்த்தால் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். கடையிலேயே கையை விட்டு எடுத்துப் பாருங்கள். பேட் என்றால் அதன்மேல் எண் அச்சிட்டிருக்கும்.

பேட் இருந்தால் போதாது, அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டி, முழங்கைப் பேட்டை மறுகையால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். எளிதில் சுற்றிக்கொண்டு போனால், விழும்போதும் போய்விடும்.

மழை. “10,000 மி.மீ.” என்று மழையுடையில் எழுதியிருப்பது, துணியின்மேல் எத்தனை உயர நீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்ற அளவு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 50 மி.மீ. நீர்மட்டத்துக்குத்தான் சமம். அப்படியானால் இத்தனை ஆயிரம் எதற்கு? நனைந்த சீட்டின்மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோமே, அதற்கு. உடல் எடை அழுத்தும் இடத்தில் தேவை பல மடங்கு ஏறிவிடும். மழையுடைகள் முதலில் தொடைச் சந்தில் ஒழுகுவது இதனால்தான். நான்கு தையல்கள் வந்து சேரும் இடமும் அதுவே. ஆகவே மி.மீ. கணக்கைவிட, தையல்களின் உள்பக்கம் ஒட்டுப்பட்டை முழுதாக இருக்கிறதா, சீட்டில் படும் பகுதியில் தையல் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும்.

குளிர். குளிருக்குத் தடிமனைவிடக் காற்றுத் தடுப்பு முக்கியம். 10 டிகிரி செல்சியஸில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது சுமார் 4 டிகிரிபோலத் தோன்றும். 5 டிகிரி என்றால் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 3 வரை இறங்கும். காற்றை நிறுத்திவிட்டால் உள்ளே ஒரு சாதாரணக் கம்பளி பனியன் போதும். அந்தக் காலத்து ஓட்டிகள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு போனதில் ஒரு மூடத்தனமும் இல்லை.

வெயில். வேர்த்துக் கொட்டுவதால் ஜாக்கெட்டைக் கழற்றி டேங்கின்மேல் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவரை எல்லோரும் பார்த்திருப்போம். போடாத ஏஏஏ ஜாக்கெட்டைவிடப் போட்டிருக்கும் ஏ ஜாக்கெட் மேல்.

மாற்ற எத்தனை நிமிடம். இதை எந்த லேபிளும் சொல்லாது. வானிலை மாறிக்கொண்டே இருக்கும் பயணத்தில் இதுவே பாதித் தீர்ப்பு.

முழுச் செலவு. விலைச்சீட்டோடு செலவு முடிவதில்லை: தனியாக வாங்கவேண்டிய முதுகுப் பேட், சிறப்புச் சலவைத் திரவம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் மழையுடை, காயும்வரை போட இன்னொரு ஜாக்கெட்.

## ஒரு பார்வையில்

மெஷ் என்றால் காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட். லாமினேட் என்றால் நீர் புகாத படலத்தை வெளித்துணியோடேயே ஒட்டிய ஜாக்கெட்.

| | லைனர் ஜாக்கெட் | மெஷ் + மழையுடை | லாமினேட் | தோல் + மழையுடை | பேட் வைத்த உள்சட்டை |
|---|---|---|---|---|---|
| விழுந்தால் | நடுத்தரம். பேட் நகரலாம் | நடுத்தரம் | நன்று | மிக நன்று | மேலே போடுவதைப் பொறுத்தது |
| மழை | உடல் நனையாது, ஜாக்கெட் நனையும் | நன்று | மிக நன்று | நன்று | மழையுடை வேண்டும் |
| குளிர் | நன்று | உள்ளே ஓர் அடுக்கு சேர்த்தால் நன்று | நன்று | நன்று | சுமார் |
| வெயில் | புழுக்கம் | மிக நன்று | புழுக்கம் | புழுக்கம் | நன்று |
| வழியில் மாற்ற | அதிக நேரம் | இரண்டு மூன்று நிமிடம் | தேவையில்லை | இரண்டு மூன்று நிமிடம் | இரண்டு மூன்று நிமிடம் |
| செலவு | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் | பழையது என்றால் குறைவு | குறைவு |

## லைனர் வைத்த ஜாக்கெட்

இதில் நீர் புகாத படலம் உள்ளே இருக்கிறது. மழை முதலில் வெளித்துணியை முழுதாக நனைத்துவிட்டுத்தான் அந்தப் படலத்தை வந்தடையும். உடல் நனையாது, உண்மை. ஆனால் ஜாக்கெட் நீரைக் குடித்துக் கனக்கும். வெளிப்பையில் வைத்த பணப்பை ஊறும். மழை நின்றபின் காற்றில் ஓடும்போது அந்த ஈரம் ஆவியாகி, பானை நீர் குளிர்வதுபோல நம்மைக் குளிரவைக்கும். மறுநாள் காலை எடுத்தால் கைப்பகுதி சொதசொதவென்று இருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு சிக்கல் அளவு. இரண்டு லைனர்களும் உள்ளே இருக்கும்போது பொருந்துகிற ஜாக்கெட், இரண்டையும் கழற்றியபின் தொளதொளக்கும். அப்போது பேட்கள் நகரும். லைனர் இல்லாமல் கச்சிதமாக எடுத்தால், குளிரில் லைனரோடு ஜிப் ஏறாது. இடுப்பிலும் கையிலும் இறுக்கும் பட்டைகள் இதை ஓரளவு சரிக்கட்டும். ஓரளவுதான். ஒரே உடை எல்லாப் பருவத்துக்கும் என்பதன் விலை, எந்தப் பருவத்திலும் அளவு சரியாக இல்லாமல் போவது.

பிறகு ஏன் இவ்வளவு விற்கிறது? பருவம் மாறினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் இடங்களில் இது சரியாகவே வேலை செய்யும். குளிர்காலம் தொடங்கும்போது லைனரை மாட்டி, முடியும்போது கழற்றுகிறவருக்கு நடுவழியில் மாற்றும் தொல்லையே இல்லை. பருவம் மாறும் இடத்துக்கு இது பொருந்தும். மணிக்கு மணி மாறும் இடத்துக்குப் பொருந்தாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வருந்த வேண்டாம். மழை லைனரை வீட்டில் வைத்துவிட்டு, மேலே போடும் மழையுடை ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் மழை லைனரையே ஜாக்கெட்டுக்கு மேலேயும் போடும்படி தைக்கின்றன. லைனர் ஜாக்கெட்தான் வேண்டும் என்றால் அப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

## மெஷ் ஜாக்கெட்டும் மேலே மழையுடையும்

என் ஓட்டு இதற்குத்தான். இப்போது நான் போடுவதும் இதையே.

மழையுடையை மழைக்கு மட்டும் என்று நினைப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நீர் புகாத துணி காற்றையும் விடாது. அதிகாலைக் குளிரில் மெஷ்ஷுக்கு மேல் மழை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறியதும் கழற்றிச் சுருட்டிப் பின்னால் கட்டிவிடலாம். உள்ளே வீட்டில் கிடக்கும் கம்பளி பனியனோ ஃப்ளீஸோ ஒன்று. மூன்று பருவங்களுக்கான அடுக்குகள் முடிந்தன. அவற்றில் ஒன்று ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. பருத்தி பனியனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளிர் வந்ததும் பழிவாங்கும்.

மெஷ் ஜாக்கெட் எடுக்கும்போது வலைத்துணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் இருக்கலாம். தோள், முழங்கை, முன்னங்கையின் வெளிப்பக்கம் ஆகியவை கெட்டித் துணியாக இருக்கவேண்டும். சறுக்கும்போது தரையில் தேய்பவை அவைதான். பல மெஷ் ஜாக்கெட்டுகள் ஏ வகுப்பிலேயே நிற்கும். ஏஏ கிடைத்து, விலையும் எட்டினால் யோசிக்காமல் எடுங்கள். துணியின் டெனியர் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்: அது 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு, அவ்வளவுதான். பொதுவாக அதே டெனியரில் நைலான் பாலியெஸ்டரைவிட உராய்வைத் தாங்கும்.

மழையுடையை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்த்தான் வாங்கவேண்டும். வழக்கமான அளவைவிட ஒன்றோ இரண்டோ பெரிதாகத் தேவைப்படும். மிகப் பெரிதாகவும் கூடாது; வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு, சில மாதங்களில் தையலைப் பிய்த்துவிடும். மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக இருப்பது நல்லதா, முழு உடலுக்கும் ஒன்றாக இருப்பது நல்லதா? நீரை நிறுத்துவதில் ஒரே துண்டு மேல். இடுப்பில் இடைவெளி கிடையாது. ஆனால் சாலையோரம் ஒற்றைக்காலில் குதித்து அதைப் போட்டுப் பாருங்கள், தெரியும். குளிருக்கு மேல்சட்டையை மட்டும் போட வசதியாக இரண்டு துண்டையே நான் சொல்வேன்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. பேன்ட்டின் கால் சைலன்சரில் பட்டால் ஒரு நொடியில் உருகி ஒட்டிக்கொள்ளும். என் முதல் பேன்ட் அப்படித்தான் போனது, சைலன்சரில் அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் வெப்பம் தாங்கும் துணி தைத்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மழைத்துணிக்குள் வேர்வை வெளியேறாது, நீண்ட மழையில் உள்ளிருந்தே நனைவோம். ஈரத்தோடு மடித்து வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பளிச்சென்ற மஞ்சளிலோ ஆரஞ்சிலோ வாங்குங்கள். மழைத்திரைக்குப் பின்னால் கறுப்பு மழையுடையைப் பின்னால் வரும் ஓட்டுநர் பார்க்கமாட்டார்.

மெஷ் தோற்கும் இடங்கள் இரண்டு. நாள் முழுதும் குளிரும் மழையுமாக இருந்தால், மழையுடையைக் கழற்றவே மாட்டீர்கள். வலைத்துணியால் பயன் இல்லை. காற்றே தோலைவிடச் சூடாக, 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போதும், அதிகக் காற்று அதிகச் சூட்டைத்தான் கொண்டுவரும். அப்போது உள்ளே பனியனை நனைத்துப் போட்டால் சற்று நேரம் தாங்கும்.

## லாமினேட்

நீர் புகாத படலத்தை வெளித்துணியோடேயே ஒட்டிவிட்டால் அதுதான் லாமினேட். நீர் துணிக்குள் இறங்காது, மேலேயே உருண்டோடும். கனக்காது, விரைவில் காயும், மழையில் நின்று எதையும் மாற்ற வேண்டாம். இவ்வகைப் படலங்களில் பெயர்பெற்றது கோர்-டெக்ஸ். 1969-இல் பாப் கோர் டெஃப்ளான் வகைப் பொருளை வேகமாக இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் படலத்திலிருந்து வந்தது அது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள்.

விலைதான் தடை. ஆனால் விலையைவிட நான் யோசிக்கச் சொல்வது வேறு. படலம் வேர்வையை வெளியேற்றுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈரப்பத வேறுபாட்டால். வெளியே குளிர்ந்த காற்று இருந்தால் அந்த வேறுபாடு பெரிது, படலம் நன்றாக “மூச்சு விடும்”. வெளியிலும் சூடும் ஈரமும் நிறைந்த மழையில் வேறுபாடு சுருங்கிவிடும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய அந்த மூச்சும் அங்கே திணறும். குளிர்ப் பிரதேசத்தில் தினமும் நெடுந்தொலைவு ஓட்டுகிறவருக்கு லாமினேட் கொடுத்த காசுக்குத் தகும். புழுக்கமான மழையில் அரைமணி நேரம் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை நல்ல முதுகுப் பேட்டிலும் பூட்ஸிலும் போடலாம்.

பழையதாகவோ, போன ஆண்டு மாடலாகத் தள்ளுபடியிலோ கிடைத்தால் கணக்கு மாறும். பழையதில் பார்க்கவேண்டியவை: உள்ளே தையல் பட்டைகள் உரிகின்றனவா, துணியில் குமிழ் எழுந்திருக்கிறதா, தோளிலோ முழங்கையிலோ சறுக்கிய தேய்ப்பு இருக்கிறதா. மேலே ஊற்றிய நீர் உருளாமல் ஊறினால் பயப்பட வேண்டாம். நீர்விலக்குப் பூச்சு தேய்ந்திருக்கிறது, துவைத்துப் புதுப்பிக்கலாம். குமிழ் இருந்தால் விட்டுவிடுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தில் யாராவது துவைத்திருந்தாலும் நீர்விலக்குத் திறன் கெட்டிருக்கும். விற்பவரிடம் எப்படித் துவைத்தீர்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார்.

## தோலும் மழையுடையும்

சறுக்கலைத் தாங்குவதில் நல்ல மாட்டுத்தோலுக்கு நிகராகக் குறைந்த விலையில் வேறொன்று கிடைப்பது அரிது, அதுவும் பழையதாக வாங்கினால். ஓட்டுவதற்கான தோல் 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமன் இருக்கும்; நாகரிகத்துக்குப் போடும் தோல் ஜாக்கெட்டுகள் அதைவிட மெல்லியவை, அவற்றை நம்பாதீர்கள். பழையது வாங்கினால் பேட்களைத் தூக்கிப்போட்டுப் புதியவை போடுங்கள். சங்கடம் ஈரத்தில்தான். நனைந்த தோல் காய நாள்கள் ஆகும், சூட்டில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும், மூலையில் போட்டால் பூஞ்சை. முதல் தூறலிலேயே நின்று மழையுடையைப் போடும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

## பேட் வைத்த உள்சட்டை

உடலோடு ஒட்டிய வலைச்சட்டையில் தோள், முழங்கை, முதுகு பேட்கள். இறுக்கமாக இருப்பதால் பேட்கள் நகராது. அது இதன் பெரிய நன்மை. மேலே எதையும் போட்டுக்கொள்ளலாம் என்று விற்பார்கள், அங்கேதான் ஏமாற்றம். மேலே போடும் சாதாரண ஜீன்ஸ் துணிச் சட்டை தார்ச்சாலையில் கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டையாகிவிடும். நெரிசலான தெருக்களில் குறைந்த வேகத்தில் சிறு தொலைவு போகிறவருக்கு, ஒன்றும் இல்லாததைவிட இது எவ்வளவோ மேல். நெடுஞ்சாலைக்கு வேண்டாம்.

## கையும் காலும்

ஜாக்கெட்டிலேயே பணம் தீர்ந்துவிட்டால், கையுறையும் பூட்ஸும் வாங்காமல் விட்டுவிடுவோம். விழும்போது பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை. ஜாக்கெட்டில் ஒரு படி இறங்கி, கையுறைக்கு ஈஎன் 13594, பூட்ஸுக்கு ஈஎன் 13634 எண் உள்ளதாக எடுப்பது என் வழக்கம். மழைக்கென்று தனிக் கையுறை தேவையில்லை. மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டால் விரல் நனையாது, காற்றும் தடைபடும். மழையுடையின் கைநுனி கையுறைக்கு மேலே வரட்டும். கை கீழ்நோக்கிச் சாயும் பைக்குகளில் நீர் கையிலிருந்து விரலுக்கு ஓடிவரும். ஹேண்டில்பார் உயர்ந்து கை மேல்நோக்கி இருந்தால் தலைகீழாக, கையுறையை வெளியே விடவேண்டும்.

பூட்ஸோடு மழை பேன்ட்டுக்குள் கால் போகாமல் சிக்கினால், காலில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பையை மழையுடையின் பையிலேயே மடித்து வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் மழையுடையைச் சுருட்டாமல் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, உள்பக்கமும் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தபின் மடியுங்கள்.